கயிறில்லாமல் மலை இறங்கிய கம்ப்யூட்டர்

சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் போய்வந்த வெளிநாடு கொடைக்கானல். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். பழனி அடிவாரத்தில் என் கடை வாசலில் நின்றால் அந்த மலை கண்ணுக்கு நேராகத் தெரியும். தெரிந்து என்ன? அங்கே பேச்சு வேறு, சாப்பாடு வேறு, காற்றே வேறு. ஐம்பத்திரண்டு வயது வரை நான் அதில் ஏறியதில்லை. மலைமேல் மாட்டுச் சந்தை கிடையாது. எனக்கு அங்கே என்ன சோலி?

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். மூன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருபத்தைந்து வருடம் மாட்டுத் தரகு. ஒட்டன்சத்திரத்திலிருந்து பொள்ளாச்சி வரை, சுப்பையா கை வைத்த மாடு என்றால் மறுபேச்சு கிடையாது. மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்காமலே வயதைச் சொல்வேன். நூறு வீட்டுத் தொழுவத்துக்குள் போய்வருகிறவனுக்கு எந்த வீட்டில் பெண் இருக்கிறது, எந்த வீட்டில் பையன் இருக்கிறான் என்பது தானாகத் தெரிந்துவிடும். அப்படித்தான் கல்யாணத் தரகும் கூடவே வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மாட்டை விட்டுவிட்டு, 'சுப்பையா திருமணத் தகவல் நிலையம்' என்று போர்டு மாட்டினேன். மூன்று இரும்புப் பெட்டி நிறைய ஜாதகம். யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

பொருத்தம் பார்க்க மட்டும் ஜோசியர் நாகலிங்கத்தைச் சம்பளத்துக்கு வைத்திருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவர். எண்ணெய் போட்டுப் படிய வாரிய தலை, கையில் எப்போதும் பஞ்சாங்கம். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், பொய் வராது. பொருத்தம் இல்லையென்றால் வந்தவர் முகத்துக்கு நேரே, "இல்லீங்க, வேற பாருங்க" என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு வார்த்தையால் எனக்குப் போன கமிஷனில் இன்னொரு மாடி கட்டியிருக்கலாம்.

இப்படி இருக்கையில் மதுரையில் ஒருவன் 'கம்ப்யூட்டர் பொருத்தம்' என்று ஆரம்பித்தான். இரண்டு பேர் பிறந்த நேரத்தைச் சொன்னால் மிஷின் பொருத்தம் சொல்லுமாம். அவ்வளவுதான், என் கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றே கேட்க ஆரம்பித்தார்கள்: "உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்குங்களா?" உடுமலைப்பேட்டைப் பஞ்சுமில் முதலாளி, தன் ஒரே மகளுக்கு நான் கொண்டுபோன மாப்பிள்ளையைப் பிடித்துப்போனவர், அவரே சொன்னார்: "தை மொத வெள்ளிக்கிழமை வர்றேன் சுப்பையா. கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு, முடிச்சுக்குவோம். இல்லாட்டி மதுரைக்குப் போயிடறேன், வருத்தப்படாதே."

அந்த மில்காரர் போனால் அவருடைய சொந்தபந்தம் அத்தனையும் அவர் பின்னாலேயே போகும். பெட்டி மூன்றையும் பூட்டிவிட்டு நான் மறுபடி சந்தைக்குப் போக வேண்டியதுதான். நாகலிங்கத்திடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். "ஜோசியரே, மிஷின் வந்துட்டா உமக்குச் சோலி இருக்காது. மாசி மாசத்தோட கணக்கை முடிச்சுக்குவோம்." அவர் வீட்டில் நான்கு பேர் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். அவர் பஞ்சாங்கத்தை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, "சரிண்ணே" என்றார்.

கொடைக்கானலில் செண்பகனூர்ப் பக்கம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பழைய கம்ப்யூட்டரை விற்கிறார்கள் என்று முட்டைக்கோஸ் வியாபாரி ஒருவர் சொன்னார். புதிது வாங்குவது எனக்குப் பிடிக்காது. பழக்கிய மாடுதான் வாங்க வேண்டும்; கன்றை வாங்கினால் உழக் கற்றுக்கொடுப்பது யார்? கிளம்பிவிட்டேன். இங்கிலீஷ் படிக்க நாகலிங்கத்தையும் கூட்டிக்கொண்டேன். தன் வேலையைப் பறிக்கிற மிஷினை வாங்க அவரே துணைக்கு வந்தார். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

முதல் நாள் பஸ்ஸில் ஏறும்போதே நாகலிங்கத்துக்குச் சந்தேகம். "மார்கழியில மாடு வாங்குவாகளாண்ணே?"

"இது மாடில்லைய்யா."

"அப்பச் சரி" என்று ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர், ஐந்தாவது வளைவிலிருந்து மலை உச்சி வரைக்கும் தலையை வெளியே நீட்டியபடியே வந்தார். கண்டக்டர் எங்கள் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். பாதி வழியில் பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் இறங்கி, ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு, "அது குடிச்சு முடிக்கட்டும்" என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நிதானம் அது. எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று.

மேலே போய் இறங்கினால் பல் தந்தியடிக்கிறது. பழனியில் மார்கழி என்றால் ஒரு துண்டு போதும். இங்கே நாய்கூட டீக்கடை அடுப்பை விட்டு நகரவில்லை. ஓட்டலில் பொடியில் ஊற்றத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வரவில்லை, சர்வர் கம்பியால் குத்தி எடுத்தான். இட்லி வந்தது. மேசைக்கு வருவதற்குள் ஆறிப்போய்விட்டது. "என்ன தம்பி, இட்லி ஜில்லுன்னு கெடக்கு?" என்றேன். "இங்க இட்லிக்கும் ஏ.சி.தான் சார்" என்றான். ரூமில் மூன்று கம்பளியும் போதாமல், நாகலிங்கம் பஞ்சாங்கத்தை நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தார்.

மறுநாள் வெள்ளனே பள்ளிக்கூடம். பிள்ளைகள் எல்லாரும் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். ஆபீஸ் கிளார்க் அருளப்பன்தான் எங்களை வரவேற்றார். உள்ளூர்க் கிறிஸ்தவர், கழுத்தில் மஃப்ளர், நாலு வார்த்தைக்கு ஒன்று இங்கிலீஷ். "ப்ளீஸ், செருப்பைக் கழட்டிட்டு வாங்க. கம்ப்யூட்டர் ரூம்" என்றார். சாமி சன்னிதி மாதிரி மரியாதை! நல்ல தொழுவம் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன். ஆனால் அந்தத் தரை இருக்கிறதே, பனிக்கட்டியில் நின்றதுபோல் இருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே வியாபாரத்தை ஆரம்பித்தேன்.

டைப்ரைட்டர் மாதிரி பட்டன் வைத்த தட்டையான பெட்டி ஒன்று; அதுதான் கம்ப்யூட்டராம். பக்கத்தில் ஒரு சின்ன டி.வி., ஒரு டேப் ரிக்கார்டர், நான்கு கேசட். அருளப்பன் ஒரு கேசட்டைப் போட்டார். அது பாடவில்லை. பூனையின் வாலை மிதித்தமாதிரி ஒரு நிமிடம் கத்தியது. பிறகு டி.வி.யில் ஒரு கோழி வந்து ஐந்தும் மூன்றும் எத்தனை என்று கேட்டது.

"எட்டு" என்றேன்.

"சார், வாயால சொன்னா அதுக்குக் கேக்காது. இது சின்னப் பிள்ளைங்க கணக்குப் பாடம். ஜாதகத்துக்கெல்லாம் தனியா ப்ரோகிராம் எழுதணும் சார்."

"எழுதிக்கலாம். எழுதறதுக்கு எங்க ஜோசியர் இருக்காரு."

அருளப்பன் நாகலிங்கத்தைப் பார்த்தார். நாகலிங்கம் கோழியைப் பார்த்தார்.

நான் என் வழக்கப்படி பொருளைச் சுற்றி வந்தேன். தட்டிப் பார்த்தேன். தூக்கிப் பார்த்தேன். பட்டன்களை எண்ணிப் பார்த்தேன், பல் மாதிரிதான்; ஒன்றுகூட விழவில்லை, இரண்டு மட்டும் தேய்ந்திருந்தது. கவிழ்த்துப் போட்டு அடிவயிற்றில் கெட்ட சுழி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கு திருகாணி, நல்ல இடத்தில். "அஞ்சு வயசு" என்றேன். அருளப்பன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி சார் கரெக்டா சொன்னீங்க?" என்றார். இதெல்லாம் படித்து வருவதில்லை.

அப்போது பெரிய மேடம் வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தலைமை. வெள்ளைக்காரி, ஆறடி உயரம், நரைத்த தலை, காலில் கனத்த கம்பளிக் காலுறை. நம் ஊர்ப் பழக்கவழக்கம் என்றால் உயிர் என்று அருளப்பன் மெதுவாகச் சொன்னார். தமிழில் "வாங்க" மட்டும் தெரியும்; அதையே வணக்கத்துக்கும், நன்றிக்கும், உட்காரச் சொல்வதற்கும் வைத்துக்கொண்டார்.

விலை பேச வேண்டும். நாலு பேர் முன்னால் வாயால் விலை சொல்வது தரகுக்கு அழகல்ல. தோளில் கிடந்த துண்டை விரித்து அருளப்பனின் கைமேல் போட்டு, அடியில் அவர் விரலைப் பிடித்தேன். "ஒரு விரலுக்கு ஆயிரம்" என்றேன். இரண்டு விரலை அழுத்தினேன். அவர் பதிலுக்கு ஒன்றும் அழுத்தவில்லை, முழுக்கையையும் என் உள்ளங்கையில் சுருட்டி வைத்துக்கொண்டார்.

"என்ன சார், அஞ்சா? அநியாயம்!"

"இல்ல சார், உங்க கை சூடா இருக்கு."

மேடம் என்ன இது என்று கேட்டார். சந்தையில் பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக இப்படிப் பேசுவது எங்கள் வழக்கம் என்று நான் சொன்னதை அருளப்பன் இங்கிலீஷில் மாற்றினார். அந்த அம்மாளின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "வாங்க!" என்று துண்டுக்குள் தன் கையை நீட்டினார்.

ஐம்பத்திரண்டு வயதில், செருப்பில்லாமல், ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கையைத் துண்டுக்குள் பிடிப்பேன் என்று நான் நினைத்ததில்லை. நாகலிங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இரண்டு விரல். அந்த அம்மாள் ஐந்து. நான் மூன்று. அந்த அம்மாள் கண்ணைச் சிமிட்டாமல் நான்கு விரலை ஒரு நெறி நெறித்தார். பொள்ளாச்சியில் பெரிய பெரிய தரகனிடம்கூட அந்தப் பிடியை நான் பார்த்ததில்லை. நான்காயிரத்துக்கு முடித்தேன். உலகத்தில் வேறு எவனும் அதை ஐந்துக்குக் குறைத்து வாங்கியிருக்க மாட்டான்.

முடிந்த சந்தோஷத்தில் டீயும் கேக்கும் வந்தது. கேரட்டைப் போட்டு கேக் செய்கிறார்கள். நாம் பொரியல் செய்கிற சாமானை அவர்கள் பலகாரத்தில் போடுகிறார்கள், நன்றாகத்தான் இருந்தது. நாகலிங்கம் சைவம். "இதுல முட்டை இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லைன்னு சொன்னா சாப்பிடுவீங்களா?" என்றார் அருளப்பன்.

"சொல்லிப் பாருங்க."

"இல்ல."

நாகலிங்கம் மூன்று துண்டு சாப்பிட்டார்.

பிறகு பொருளைக் கட்டினோம். அதன் பின்னாலிருந்து மூன்று கயிறு தொங்கியது. ஒன்று சுவரிலிருந்து பெட்டிக்குப் போவது, நடுவில் கறுப்பாக ஒரு கட்டி. ஒன்று டி.வி.க்கு. ஒன்று டேப் ரிக்கார்டருக்கு. மூன்றையும் நானே உருவி, சுருட்டி, இரண்டு கையாலும் மேடத்திடம் நீட்டினேன்.

"சார், சார்! அது வயரு சார், அது இல்லாம—" என்று அருளப்பன் பதறினார்.

"எனக்குத் தெரியாதா? கயிறு வித்த வீட்டுல இருக்கணும் சார். மாட்டை ஓட்டலாம், கயிறை ஓட்டக் கூடாது. கயிறும் சேந்து போச்சுன்னா, அந்த வீட்டு லச்சுமியும் கூடவே போயிடுவா. இருபத்தஞ்சு வருசத்துல ஒரு வீட்டுக் கயிறைக்கூட நான் கொண்டுபோனதில்ல. இங்க மட்டும் அந்தப் பாவத்தைச் செய்வேனா? பழனியில வயருக்கா பஞ்சம்? புதுசு வாங்கிக்குவேன்."

"பழனியில கிடைக்குமா சார்?"

"பழனியில கிடைக்காதது என்னய்யா?"

அருளப்பன் மொழிபெயர்த்தார். மேடம் எழுந்து நின்று, அந்த மூன்று கயிற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்கலங்கி, "வாங்க, வாங்க" என்றார். படித்தவர்கள் மத்தியில் மரியாதை எப்படிச் சம்பாதிப்பது என்று என்னைக் கேட்டால் சொல்லித்தருவேன்.

மூன்றாம் நாள் இறக்கம். பஸ்காரன் டி.வி.யை ஏற்ற மாட்டேன் என்றான். அதற்கும் முழு டிக்கெட் எடுக்கிறேன், ஜன்னல் ஓர சீட் கொடு என்றேன். விசில் அடித்துவிட்டான். பழனிச் சந்தைக்கு முட்டைக்கோஸ் கொண்டுபோகிற லாரியில் இடம் கிடைத்தது. டிரைவர் செல்லையா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தவர். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவமுங்க, அவசரமில்ல" என்று மூன்று இடத்தில் நிறுத்தினார். பொருள் வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்று முட்டைக்கோஸுக்கு நடுவில் பள்ளம் தோண்டி, இலையால் மூடி, கம்ப்யூட்டரைப் படுக்க வைத்தேன். டேப் ரிக்கார்டரை மட்டும் நாகலிங்கம் மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு வளைவில் லாரி நின்றது. மூடுபனி. நடுரோட்டில் ஒரு காட்டெருமை. ஆள் உயரம், முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டமாதிரி. ஹாரன் அடித்தால் அது இன்னும் முறைத்துப் பார்த்தது. அரைமணி நேரம் ஆயிற்று. நான் இறங்கினேன்.

"ஐயா, ஏறுங்க! முட்டினா லாரியே போயிடும்!" என்று செல்லையா கத்தினார்.

"நீ இருப்பா. நான் பாக்காத மாடா?" பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். ஏழு வயதிருக்கும். திமில் நல்ல திமில், கழுத்து கட்டை, ஆனால் நிற்பதிலேயே சண்டித்தனம் தெரிந்தது. "ஏலே, உன்னை எவனும் வாங்க மாட்டான், ஒதுங்கு" என்றேன். அது ஓரடி முன்னால் வந்தது. நான் லாரியில் ஏறியது பயத்தால் அல்ல, விலை படியாததால்.

மேலே உட்கார்ந்திருந்த நாகலிங்கம் பயத்தில் டேப் ரிக்கார்டரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். விரல் பட்டனில் அழுந்திவிட்டது. உள்ளே பேட்டரி இருந்தது போலிருக்கிறது. கணக்குப் பாடக் கேசட் அந்தக் காடு முழுக்க அலறியது. காட்டெருமை ஒரு சத்தம் போட்டது. பள்ளத்தில் இறங்கி ஓடியதுதான் தெரியும், செடி முறிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"இது என்ன சாமான்யா?" என்றார் செல்லையா.

"கல்யாணப் பொருத்தம் பாக்குற மிஷின்" என்றேன்.

அதன் பிறகு அவர் தேத்தண்ணிக்குக்கூட நிறுத்தாமல் நேராகப் பழனிக்கு ஓட்டினார்.

ஊருக்கு வந்து, மேசைமேல் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ரேடியோ ரிப்பேர் இஸ்மாயிலைக் கூப்பிட்டேன். இஸ்மாயில் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமு, இதுக்கு உசுரு குடுக்குற வயரு எங்க?"

"வித்தவங்ககிட்ட குடுத்துட்டு வந்துட்டேன்."

"ஏன்?"

காரணத்தைச் சொன்னேன். கையிலிருந்த ஸ்குரு டிரைவரைக் கீழே வைத்தான். "மாமு, மாட்டுக்குக் கயிறைக் கழட்டினா மாடு நடக்கும். இது நடக்காது. அந்த வயருல ஒரு கறுப்புக் கட்டி இருக்குமே, அதுதான் கரண்டைக் குறைச்சுக் குடுக்கும். வேற எதையாச்சும் செருகினேன்னா வெடிச்சுப்புடும். திண்டுக்கல்ல கிடையாது, மதுரையில கிடையாது. சிங்கப்பூர்லருந்துதான் வரணும்."

அன்றைக்குப் போகிப் பண்டிகை. வெள்ளிக்கிழமை மில்காரர் வருகிறார். நடுவில் இருந்தது மூன்று நாள். டிரங்க் கால் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அருளப்பன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது: "சார், மேடம் அந்தக் கயிறை ஹால்ல சாமி படத்துக்குக் கீழ மாட்டிட்டாங்க சார். பார்க்க வர்றவங்களுக்கெல்லாம் கதை சொல்றாங்க. குடுத்தா ஸ்கூலுக்கு ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நான் கேட்டா என்னைத் திட்டுவாங்க சார். நீங்க வாங்க."

மறுநாள் பொங்கல், ஒரு பஸ்ஸும் சரியாக ஓடவில்லை. மாட்டுப் பொங்கலன்று வெள்ளனே கிளம்பினோம். இந்தத் தடவை நாகலிங்கம் வெளியே தலை நீட்டவில்லை, வயிற்றில் ஒன்றும் போடாமல் வந்திருந்தார். நான் சும்மா போகவில்லை. சந்தைப்பேட்டையில் தேங்காய் நார்க் கயிறு மூன்று, புதிது, மஞ்சள் தடவி வாங்கிக்கொண்டேன். மாட்டுப் பொங்கலுக்குப் பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிறு மாற்றுவது உலக வழக்கம். பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மாட்டிவிடலாம். இந்த யோசனை எனக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதே வந்துவிட்டது.

பள்ளிக்கூட ஹாலில், ஏசு படத்துக்குக் கீழே, ஆணி அடித்து, மூன்று வயரும் மாலை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஒரு அட்டையில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. நாகலிங்கம் படித்துச் சொன்னார்: "'விற்றவர் வீட்டில் இருக்க வேண்டிய கயிறு. பழனிப் பெரியவர் சுப்பையா கொடுத்தது'ன்னு போட்டிருக்குண்ணே." என் பேரை இங்கிலீஷில் சுவரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு நிமிடம், விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

மேடத்திடம் புதுக் கயிற்றை நீட்டி, மாட்டுப் பொங்கல் வழக்கத்தைச் சொன்னேன். அவர் அருளப்பன் மூலம் கேட்டார்: "புதுக் கயிற்றில் பழைய லட்சுமி வருவாளா?"

"வருவா."

"போன வாரம் பழைய கயிறு போனால் லட்சுமி போய்விடுவாள் என்றீர்களே?"

எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. சந்தையில் என்னை இப்படி மடக்கியவன் கிடையாது. "அது… சொந்தக்காரங்க வீட்டுக்குக் கயிறு போனா லச்சுமி போக மாட்டா" என்றேன். அருளப்பன் அதை மொழிபெயர்க்கவே இல்லை.

மேடம் நாகலிங்கத்தின் இடுப்பைப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள், இவர் சொல்வதுபோலச் செய்கிறேன் என்றார்.

நாகலிங்கம் பஞ்சாங்கத்தை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். நான் அப்போதுதான் யோசித்தேன். 'கூடாது' என்று ஒரு வார்த்தை. அதை மட்டும் இந்த ஆள் சொல்லிவிட்டால் மிஷின் செத்தது. இவர் வேலை பிழைத்தது. வீட்டில் நான்கு பேர். சொல்லாமல் இருக்க இவருக்கு என்ன பைத்தியமா? இத்தனை நாளும் "சரிண்ணே" என்று கூடவே வந்தது இதற்குத்தானோ? அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதுல கயிறைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க" என்றார். "தேடிப் பாத்துட்டேன். அது சந்தையில தரகன்மாரு அவங்களா வச்சுக்கிட்டது. இவருக்கு அது வேணும். குடுத்துருங்க."

அருளப்பன் சொல்லி முடித்ததும் மேடம் நாகலிங்கத்தைப் பார்த்து "வாங்க" என்றார். பிறகு தானே நாற்காலி மேல் ஏறி வயர்களைக் கழற்றினார். அந்த ஆணியில் என் நார்க் கயிறு மூன்றையும் மாட்டினார். அட்டையை எடுக்கவில்லை.

பஸ்ஸில் கேட்டேன். "ஏன்யா, வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"அதுல இல்லையேண்ணே."

"உம்ம பொழப்புய்யா!"

"இல்லாததை இருக்குன்னு சொன்னா அப்புறம் என்ன பொழப்புண்ணே?" என்று சொல்லிவிட்டு, மடியில் இருந்த வயரைத் துண்டால் மூடிக்கொண்டார். வளைவு ஆரம்பித்துவிட்டது, அவசரமாக ஜன்னல் பக்கம் போனார்.

வெள்ளிக்கிழமை. மில்காரர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டருக்கு மாலை. இஸ்மாயில் மூன்று வயரையும் மாட்டி, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டான். வெடிக்கவில்லை. டி.வி.யில் பச்சையாக ஒரே ஒரு வார்த்தை வந்தது. அதன் பக்கத்தில் ஒரு கட்டம் அணைந்து அணைந்து எரிந்தது. நான் பெண் பேர், பையன் பேர், நட்சத்திரம் எல்லாம் உரக்கச் சொன்னேன். கட்டம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

மில்காரர் முன்னால் குனிந்தார். "என்ன சொல்லுது?"

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நாகலிங்கத்தைப் பார்த்தேன். பார்க்கவே பயமாக இருந்தது; அந்த ஆளுக்குத்தான் பொய் வராதே. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"'ரெடி'ன்னு சொல்லுதுங்க."

"ரெடின்னா?"

"தயாரா இருக்காமுங்க. அதுக்கு மேல அது ஒண்ணும் சொல்லலீங்க. பொருத்தம் நான் நேத்தே கையால பாத்துட்டேன். பத்துக்கு ஏழு இருக்கு. முக்கியமான ரஜ்ஜுப் பொருத்தமும் இருக்கு. தாராளமா பண்ணலாம்."

என் தலையில் இடி விழுந்தது என்றுதான் நினைத்தேன். மில்காரர் டி.வி.யைப் பார்த்தார், நாகலிங்கத்தைப் பார்த்தார், மறுபடி டி.வி.யைப் பார்த்தார்.

"நீங்க சொன்னதை அது மறுக்கலையே?"

"இல்லீங்க. இப்பவும் ரெடின்னுதான் சொல்லுது."

மில்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? மிஷினே ரெடிங்குது. நீதான் ரெண்டு வருசமா யோசிச்சுக்கிட்டு இருக்கே." அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு மிஷினைக் கும்பிட்டார். தட்டு மாற்றுகிற தேதியை அந்த மேசையிலேயே நாகலிங்கம் குறித்துக் கொடுத்தார்.

மாசி மாதம் வந்தது, போனது. நாகலிங்கத்தை நான் அனுப்பவில்லை, சம்பளத்தையும் கூட்டிக்கொடுத்தேன். மிஷின் சொல்வதைப் படிக்க ஓர் ஆள் வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஜாதகத்துக்கு அவரே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார், பழையபடி முகத்துக்கு நேரே. மதுரைக்காரனுடைய மிஷின் வந்தவர்களின் ஜாதகத்தில் பாதியைத் தள்ளிவிடுகிறது என்று கேள்விப்படுகிறேன். என்னுடையது இத்தனை வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கும் குறுக்கே நின்றதில்லை. எந்த நேரத்தில் போட்டாலும், யார் வந்து உட்கார்ந்தாலும், ரெடி. பார்த்து வாங்கத் தெரிய வேண்டும்.